குழந்தை சீட்டோடு ஒரு போர்ஷே 911: தினமும் ஓட்டச் சரிப்படுமா?

ஸ்போர்ட்ஸ் காரையே தினசரி வண்டியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், பெரும்பாலானோர் கைகாட்டுவது 911-ஐத்தான். எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் தொங்குவதால், டிரைவருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இரண்டு சின்ன பின்சீட்டுக்கு இடம் மிஞ்சுகிறது. எஞ்சினை நடுவில் வைத்த பெரும்பாலான கார்களில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்த மிச்ச இடத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்பது வேறு கணக்கு. இங்கே பார்ப்பது 992 என்ற குறியீடு கொண்ட இப்போதைய தலைமுறை 911-ன் அடிப்படை மாடலான கரேரா கூபே. ஊர் சென்னை. வீட்டில் ஏழு வயதுக்குள் ஒன்றோ இரண்டோ பிள்ளைகள்.

முதலில், பின்சீட் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்டல் இல்லை. கரேரா டி என்ற வகையில் எடையைக் குறைக்கப் பின்சீட்டைக் கழற்றிவிட்டார்கள். கேட்டால்தான் போட்டுத் தருவார்கள். 2024-ல் வந்த புதுப்பித்த 992 கூபேக்களிலும் இரண்டு சீட்தான் அடிப்படை. பின்சீட் கூடுதல் விலையில்லாத தேர்வு. ஆர்டர் படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் போடாவிட்டால் சுமார் 2 கோடி ரூபாய்க்கு ஒரு ரெண்டு சீட்டு வண்டி வீடு வந்து சேரும். பந்தயச் சாயல் கொண்ட ஜிடி3 வகையில் பின்சீட் வழக்கமே இல்லை. 2024-ல் அறிவித்த ஜிடி3 டூரிங்கில்தான் முதன்முதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் படத்தை நம்பாமல் உள்ளே கை விட்டு, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

இனி பிள்ளையின் அளவு. இந்தக் காரில் எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான்.

கைக்குழந்தையைப் பின்னோக்கிய சீட்டில்தான் உட்காரவைக்க வேண்டும். குழந்தை சீட்டுகளுக்கான ஐரோப்பிய ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை. அதற்கு மேலும் எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நல்லது. 911-ல் சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. பின்னோக்கிய சீட் போதிய சாய்வில் உட்கார வேண்டுமானால் முன்சீட்டை டேஷ்போர்டை முட்டுகிற அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கும். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தால் ஓட்டுகிறவருக்குக் கால் நீட்ட இடமிருக்காது. பக்கத்து சீட்டுக்குப் பின்னால் வைத்தால் அங்கே பெரியவர் யாரும் உட்கார முடியாது. ஆக, ஒரு கைக்குழந்தை, ஒரு டிரைவர், அவ்வளவுதான் கொள்ளளவு. குழந்தை சீட்டை மாட்டும் அடித்தட்டை, அதாவது தரையில் ஊன்றும் கால் உள்ள பேஸை, வாங்குவதாக இருந்தால், அந்தக் கால் சமதளத்தில் நிற்கிறதா, நடுமேட்டிலோ சீட் தண்டவாளத்திலோ ஏறி நிற்கிறதா என்று வண்டியில் வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். கால் சரியாக ஊன்றாத பேஸ் இடிபடும்போது முன்னால் புரளும்.

முன்சீட்டில் வைக்கலாமே என்று தோன்றும். ஏர்பேக்கை அணைக்கும் வசதி உங்கள் வண்டியில் இருந்து, அணைத்ததற்கான விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்தால் மட்டும்தான். ஏர்பேக் உயிரோடு இருக்கும் சீட்டில் பின்னோக்கிய குழந்தை சீட் கூடவே கூடாது. விரியும் பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் சீட்டின் முதுகைத்தான் அறையும்.

முன்னோக்கிய சீட்டுக்கு மாறிய பிறகு வண்டியின் குணமே வேறு. இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை 911-ன் பின்சீட் குழந்தைக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். கால் தொங்காது, பக்கத்து ஜன்னல் வழியே வெளியே தெரியும், எஞ்சின் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். உங்களுக்குத்தான் இடுப்பு வலிக்கும்.

ஐசோஃபிக்ஸ் கொக்கிகளுக்கு எடை வரம்பு உண்டு: குழந்தை, சீட் இரண்டும் சேர்ந்து 33 கிலோ. சீட்டே 13 கிலோ என்றால் பிள்ளைக்கு மிஞ்சுவது 20. அதைத் தாண்டியதும் பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்து வண்டியின் பெல்ட்டையே போடும் பூஸ்டருக்கு மாற வேண்டும். இங்கே அடுத்த தடை: பின்கண்ணாடி தலைக்கு மேலேயே சரிந்து இறங்குகிறது. முதுகுப்பலகை உள்ள பூஸ்டரில் பிள்ளை உட்கார்ந்தால் தலைப்பலகையை உயர்த்த உயர்த்த அது கூரையை முட்டும். சுமார் 125 செ.மீ. உயரம் வந்துவிட்டால் இந்தக் காரின் பின்சீட் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பலகையைக் கழற்றிவிட்டு அடிப்பலகையை மட்டும் வைப்பது தீர்வல்ல. பக்கவாட்டுப் பாதுகாப்பு போய்விடும். அகலமான பூஸ்டரும் வேண்டாம். பின்சீட் கிண்ணம்போலக் குழிந்திருப்பதால், அகலமான பலகை பெல்ட் பக்கிளின் மேல் ஏறிக்கொள்ளும். பிறகு பெல்ட் போட ஒவ்வொரு முறையும் பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

ஏற்றி இறக்கும் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வாரத்துக்குப் பத்து முறை செய்யப் போவது அதைத்தான். வண்டியின் அகலம், கண்ணாடிகளைச் சேர்க்காமல், 1852 மி.மீ. அடுக்குமாடிகளில் ஒரு பார்க்கிங் இடம் இரண்டரை மீட்டர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 32 செ.மீ. இரண்டு கதவு வண்டியின் கதவு நீளமானது, 32 செ.மீ. இடத்தில் அது ஒரு சாண் திறந்து நின்றுவிடும். அதனால் வலப்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, இடப்பக்கம் 50 செ.மீ. விட வேண்டும்; அப்போது வலக்கதவு திறக்க இடமிருக்காது, ஓட்டுகிறவரும் இடப்பக்கமாகவே ஏறி இறங்க வேண்டும். குழந்தை சீட்டும் இடப்பக்கம்தான், அதாவது பக்கத்து சீட்டுக்குப் பின்னால். பள்ளி வாசலில் நடைபாதைப் பக்கமாக இறக்கலாம் என்பது கூடுதல் லாபம். அந்த இடமும் இல்லாத பார்க்கிங் என்றால் வண்டியை வெளியே எடுத்த பிறகு ஏற்றுங்கள்.

வரிசை இது: இடக்கதவு முடிந்தவரை திறக்கட்டும். முன்சீட்டின் முதுகைச் சாய்த்து, மோட்டார் சீட்டை முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் வரை பொறுங்கள். அவசரத்தில் கையால் தள்ளாதீர்கள். பள்ளிப் பையைப் பிள்ளைக்கு முன்னால் உள்ளே போட்டுவிடுங்கள், பிறகு போட வழியிருக்காது. பிள்ளை தானே ஏறி உட்காரட்டும். பெரியவர் வலது முழங்காலை வாசல் படியில் ஊன்றி, இடது கையால் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஐந்து முனை பெல்ட்டைப் பூட்ட வேண்டும். மே மாதம் என்றால் அந்த உலோகப் பூட்டு வெயிலில் காய்ந்து தொடையைச் சுட்டுவிடும். நிறுத்திவிட்டுப் போகும்போதே ஒரு வெள்ளைத் துண்டைச் சீட்டின் மேல் விரித்துப் போவது நல்ல பழக்கம். மழையில் இதே வேலையைக் குடையோடு செய்ய முடியாது. பாதி முதுகு நனையும்.

இரண்டாவது பிள்ளை இருந்தால் டிரைவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். ஓட்டுகிறவரின் உயரம் 175 செ.மீ.க்கு மேல் என்றால் அந்தப் பிள்ளையின் முழங்காலுக்கும் சீட்டுக்கும் இடைவெளி கிட்டத்தட்ட இருக்காது. இன்னொரு கண்ணி: சாவியோடு சேர்ந்த சீட் மெமரி. வீட்டில் உயரமானவரின் சாவியால் திறந்தால் டிரைவர் சீட் தானாகப் பின்னால் நகரும், குழந்தை சீட்டோடு மோதும். அந்த வசதியை மெனுவில் போய் அணைத்து, பொத்தானை அழுத்தினால் மட்டும் நகரும்படி வைத்துவிடுங்கள்.

சாமான்? முன்மூடிக்குள் 132 லிட்டர். ஆழமாக இருப்பதால் கேபின் அளவு டிராலி இரண்டு நிற்கும். தள்ளுவண்டி வாங்கும்போது விமானத்துக்குள் கொண்டுபோகிற மடிப்பு வகையாகப் பார்த்து வாங்குங்கள்; மடித்தால் 52 × 44 × 18 செ.மீ. ஆகிற பேபிசென் யோயோ போன்றவை உள்ளே போகும், குடை மாதிரி நீளமாக மடியும் வகை போகாது. ஒரே பிள்ளை என்றால் அடுத்த பின்சீட்டின் முதுகை மடித்து அதுவே அலமாரி. அங்கே வைக்கும் பொருளைக் கட்டாமல் விடாதீர்கள். சடன் பிரேக்கில் தண்ணீர் பாட்டில் பிள்ளை பக்கம்தான் பறக்கும்.

முன்மூடி மின்சாரத்தில் திறப்பது. இங்கே குழந்தைகள் உள்ள வீட்டுக்கே உரிய ஒரு கோளாறு உண்டு. கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டு, பேட்டரி இறங்கிவிடலாம். பேட்டரி இருப்பதோ முன்மூடிக்குள், மூடி திறக்கப் பேட்டரி வேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. வழி இதுதான்: கால்வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃபியூஸ் பெட்டி, அதில் வெளியே இழுக்கக்கூடிய நேர்முனை ஒன்று. ஜம்ப் கேபிளின் சிவப்பை அதில் கொடுத்து, கறுப்பைக் கதவுப் பூட்டு மாட்டும் உலோக வளையத்தில் கொடுத்தால் மூடி திறக்கும் அளவுக்கு மின்சாரம் வரும். எஞ்சினை இந்த முனை வழியாக ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள், அது மூடியைத் திறக்க மட்டும். முனை எங்கே என்று கையேட்டைப் பார்த்து இன்றைக்கே தெரிந்துகொள்வது உத்தமம். நள்ளிரவில் டார்ச் அடித்துத் தேடுவது வேண்டாம்.

வேகத்தடைகளைப் பற்றி நிறைய பயமுறுத்துவார்கள். சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்குப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அப்படிக் கட்டியிருந்தால் 911 சிரமமில்லாமல் ஏறி இறங்கும், 2450 மி.மீ. என்ற குட்டை வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம்) வயிறு தட்டாமல் காப்பாற்றும். பிரச்சினை, தெருக்காரர்களே சிமென்ட் கொட்டிக் கட்டிய முக்காலடி மேடுகளில். முன்னச்சை 40 மி.மீ. வரை உயர்த்தும் லிஃப்ட் ஒரு கூடுதல் வசதி. இந்த ஊரில் வேறு எந்த ஆப்ஷனை விட்டாலும் அதை விடக்கூடாது. பழைய வண்டியில் அது இல்லையென்றால் பேரத்தில் விலையை அடித்துக் குறையுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: தூக்குவது முன்பக்கத்தை மட்டுமே. பேஸ்மென்ட் சரிவில் மூக்கைக் காப்பாற்றும், வயிற்றையோ பின்பக்கத்தையோ அல்ல.

ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரை அடைக்கும் ஒட்டுதிரவமும் காற்றடிக்கும் கம்ப்ரசரும்தான். ஆணி குத்தினால் சமாளிக்கலாம். பள்ளத்தில் விழுந்து டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் ஃப்ளாட்பெட் வண்டிதான். முன்டயர் 235/40, 19 அங்குலம். பின்டயர் 295/35, 20 அங்குலம். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் போட முடியாது. ரெகவரி வண்டியில் குழந்தை சீட்டுக்கு இடமிருக்காது என்பதால், பிள்ளையோடு வெளியூர் போகும்போது மாற்று ஏற்பாடு ஒன்று மனதில் இருக்க வேண்டும். கரேரா எஸ்-ன் 20, 21 அங்குலச் சக்கரத்தைவிட இந்தச் சாதாரண கரேரா அளவே நம் சாலைக்குப் பரவாயில்லை. ரப்பர் கொஞ்சம் தடிமன். பின்சீட்டில் தூங்கும் பிள்ளையும் குறைவாக விழிக்கும்.

வெயில் இன்னொன்று. சரிந்த பின்கண்ணாடி வழியே வெயில் நேராகப் பிள்ளையின் உச்சந்தலையில் இறங்கும். கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் போலீஸ் பிடிக்கும். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி உள்ளே வர வேண்டும் என்பது விதி. அந்த வரம்புக்குள்ளேயே வெப்பத்தைத் தடுக்கும் தெளிவான ஃபிலிம் கிடைக்கிறது, அதை ஒட்டுங்கள். டேஷ்போர்டின் நடுத் துவாரங்கள் இரண்டையும் பின்பக்கமாகத் திருப்பி வைத்தால்தான் குளிர் அங்கே போகும். சிக்னலில் எஞ்சினை அணைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்பை ஏறியதும் அணைத்துவிடுங்கள். எஞ்சின் நின்றால் ஏசி கம்ப்ரசரும் நிற்கும், முதலில் வியர்ப்பது பின்சீட்தான்.

மழைக்கு வெட் மோடு என்ற ஈரச் சாலை ஓட்டமுறை இருக்கிறது. முன்சக்கர வளைவுகளில் உள்ள சென்சார்கள் தண்ணீர் தெறிக்கும் ஓசையைக் கேட்டு எச்சரிக்கும், நீங்கள் பொத்தானைத் திருப்ப வேண்டும். வழுக்கும் ரோட்டுக்கு நல்ல உதவி. தேங்கிய தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மழை விட்டதும் முன்பம்பரின் இரு மூலைக் குழிகளையும் எட்டிப் பாருங்கள். ரேடியேட்டர்கள் அங்கே இருப்பதால் இலையும் பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

பாதுகாப்பு மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. 911-ஐ ஐரோப்பாவின் கார் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் மோதிப் பார்த்ததில்லை, ஆகவே நட்சத்திரம் எதுவும் கிடையாது. பாதி விலைக்கும் குறைவாகப் பழைய ஃபோர்டு மஸ்டாங் கிடைக்கிறதே, பூட்டும் 408 லிட்டர் என்று யோசிப்பவர்கள் அதன் முடிவைப் பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் வெளியான சோதனையில் மஸ்டாங்குக்கு 2 நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு 32 சதவீதம். பின்சீட் பெல்ட்டுகளில் மோதலின்போது இறுக்கும் ப்ரீடென்ஷனரும் விசையைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரும் இல்லாததால், பின்னால் இருந்த சோதனைப் பொம்மை பெல்ட்டுக்கு அடியில் நழுவியது. மேம்படுத்திய மாடல் அதே ஆண்டில் 3 நட்சத்திரம் வாங்கியது. பிள்ளைகளுக்காகப் பார்ப்பவர்கள் ஆரம்பகால மஸ்டாங்கைத் தவிர்த்துவிடலாம். எந்த வண்டியானாலும், 14 வயதுக்கு உட்பட்டவர் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதம்.

பிள்ளை ஏற்கெனவே ஐந்தைத் தாண்டிவிட்டது, பாட்டியும் கூட வருவார் என்றால் 911-ஐ விட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்காரரை இந்தத் தாழ்ந்த சீட்டிலிருந்து கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும். 2021 முதல் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆலையிலேயே சேர்த்து முடிக்கப்படும் பி.எம்.டபிள்யூ எம்340ஐ கார் நான்கு கதவோடு மணிக்கு 100 கி.மீ. வேகத்தை 4.4 விநாடியில் தொடுகிறது, கரேரா 4.2 விநாடியில்.

911-தான் என்று முடிவானால், ஷோரூமுக்கோ பழைய வண்டி பார்க்கவோ போகும்போது வீட்டிலிருக்கும் குழந்தை சீட்டையும் பிள்ளையையும் கூடவே கூட்டிப் போங்கள். சீட்டை மாட்டி, பிள்ளையை உட்காரவைத்து, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் நுழைகிறதா பாருங்கள். பிறகு டிரைவர் சீட்டை நீங்கள் வழக்கமாக ஓட்டும் இடத்தில் வைத்து, பக்கத்து சீட்டில் இன்னொருவரை உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள். விற்பனையாளர் கொஞ்சம் முகம் சுளிப்பார்.