எஸ்.டி.க்யூ தமிழ்ப் படிவம்: மனநல ஆலோசகர் (கவுன்சிலர்) இல்லாத பள்ளிக்கு உதவுமா?

பிரிட்டன் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ (Strengths and Difficulties Questionnaire), பிள்ளைகளின் மனநிலையையும் நடத்தையையும் பற்றிய 25 வரிகள் கொண்ட ஒரு தாள். தமிழ்ப் படிவத்தை இணையத்தில் இறக்கி நகலெடுத்துக்கொள்ளலாம். பிள்ளை வீட்டாரிடம் காசு வாங்கக் கூடாது, வாசகத்தை மாற்றக் கூடாது. கூகுள் ஃபார்மில் ஏற்றவும் கூடாது. மின்வடிவத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் யாருக்கு உதவி தேவை என்று முதலில் சலித்துப் பார்க்க இதைவிட மலிவான கருவி கிடைப்பது கஷ்டம். ஆனால் சலிப்பதோடு இதன் வேலை முடிந்துவிடுகிறது. நோயின் பெயரை இது சொல்லாது.

மதிப்பெண் போடும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் 'உண்மையில்லை' என்றால் 0, 'ஓரளவு உண்மை' என்றால் 1, 'நிச்சயமாக உண்மை' என்றால் 2. ஆனால் 7, 11, 14, 21, 25 ஆகிய வரிகளுக்கு 2, 1, 0 என்று திருப்பிப் போட வேண்டும். மறந்தால், நல்ல நண்பன் இருக்கிற, எல்லோருக்கும் பிடித்த, சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளைக்கு 10 மதிப்பெண் வரை வீணாக ஏறிவிடும். பிறருக்கு உதவும் குணம் பற்றிய ஐந்து வரிகள் (1, 4, 9, 17, 20) மொத்தத்தில் சேராது. மீதி 20 வரிகளுக்கு உச்சம் 40.

மாணவர் தாமே நிரப்பும் படிவத்தில் (11 முதல் 17 வயது) 20 அல்லது அதற்கு மேல் வந்தால் 'அதிகம்' என்கிறார்கள். அந்த எல்லை பிரிட்டன் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்குள் வரும்படி வகுக்கப்பட்டது. அதை அப்படியே இங்கே வைத்து 'இத்தனை சதவீதம் பேருக்கு மனநோய்' என்று அறிக்கை எழுதுவது அநியாயம்.

3-ஆவது வரி தலைவலி, வயிற்றுவலி பற்றியது. அதற்குக் காரணம் மனம் மட்டுமல்ல. முதல்வரின் காலை உணவுத் திட்டம் 2022-இல் மதுரையில்தான் தொடங்கியது. ஆனால் அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைதான். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயிற்றுவலி வெறும் பசியாகவும் இருக்கலாம். விடியுமுன் மல்லிகைப் பூ எடுக்கப் போய்விட்டு வருகிற பிள்ளைக்குக் கவனம் சிதறுவது தூக்கக் குறைவால் இருக்கலாம். கரும்பலகை தெரியாத பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும் இதே வரிகளில் மாட்டிக்கொள்வார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் கண்ணைப் பார்க்காமல் மனதைப் பார்க்கத் தொடங்கக் கூடாது.

மாற்றுத்திறன் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற ஒருங்கிணைந்த வகுப்பில் இன்னும் கவனம் வேண்டும். தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒவ்வொரு வரியாக உரக்க வாசிக்க, அவரவர் தாளில் அவரவர் குறிக்கட்டும். 40 பேர் வகுப்புக்கு ஒரு பீரியட் பிடிக்கும். பெஞ்சில் இடம் விட்டு உட்கார வையுங்கள், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து டிக் அடிப்பது அப்போதுதான் குறையும். பார்வைக் குறைபாடுள்ளவரிடம் தனி அறையில் கேளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஆசிரியர் படிவமும் பெற்றோர் படிவமும் போதும். ஆசிரியர் படிவத்தின் கேள்விகள் கடந்த ஆறு மாதத்தை அல்லது நடப்புக் கல்வியாண்டைப் பற்றியவை என்பதால், ஜூனில் புதிதாக வகுப்புக்கு வந்த ஆசிரியரிடம் கொடுத்துப் பயனில்லை. காலாண்டுத் தேர்வு முடியட்டும்.

எங்களைப் பொறுத்தவரை பெரிய ஓட்டை ஒன்றுதான்: தற்கொலை எண்ணம், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றி ஒரு வரிகூட இதில் இல்லை. மொத்தம் 9 வந்த பிள்ளையும் ஆபத்தில் இருக்கலாம். ஆகவே சோகம் பற்றிய 13-ஆவது வரியில் 2 போட்டவர்களை மொத்தம் எவ்வளவு என்று பாராமல் அன்றைக்கே தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்று நேராகக் கேட்கலாம்; கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை.

தாளைக் கொடுக்கும் முன்பே அனுப்ப வேண்டிய இடத்தை முடிவு செய்துவிடுங்கள்: மதுரை அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், அவசரத்துக்கு அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனஸ் 14416. இந்த ஏற்பாடு இல்லாத பள்ளியில் இப்போதைக்கு இந்தப் படிவத்தை எடுக்க வேண்டாம். நிரப்பிய தாள்கள் பூட்டிய பீரோவில் இருக்கட்டும், பெற்றோர் கூட்டத்தில் பெயர் சொல்லி மதிப்பெண் வாசிக்கக் கூடாது.