விக்லிஃபும் ஹஸ்ஸும்: ஆற்றில் கரைத்த சாம்பல்

1378 முதல் ரோமில் ஒரு போப், அவிஞோனில் ஒரு போப். ஒருவர் மற்றவரைச் சபித்துக்கொண்டிருந்தார். திருச்சபையைக் கேள்வி கேட்க அதைவிடத் தோதான காலம் ஏது? ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் விக்லிஃப் கேட்டார். அவரைப் படித்துவிட்டுப் பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பிராகில் யான் ஹஸ் கேட்டார்.

கொள்கையில் விக்லிஃப்தான் தீவிரம். திருப்பலி வழிபாட்டில் அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்ற போதனையையே மறுத்தார். பெரிய இடத்து ஆதரவு இருந்ததால் 1384-இல் இயற்கையாக இறந்தார். 1428-இல் எலும்புகளைத் தோண்டி எரித்து, ஸ்விஃப்ட் என்ற சிற்றாற்றில் கொட்டினார்கள். 44 ஆண்டு பழைய எலும்பின் மீது அப்படி என்ன ஆத்திரமோ!

ஹஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் பிராகின் பெத்லகேம் சிற்றாலயத்தில் செக் மொழியில் பிரசங்கித்தார். கேட்டவர்கள் ஊர் மக்கள். என் கணக்கில் வித்தியாசமே அங்குதான். மன்னர் சிகிஸ்முண்டின் பாதுகாப்பு உறுதியோடு கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்துக்குப் போனவரைச் சிறையில் தள்ளினார்கள். 1415 ஜூலை 6 அன்று, பேய்ப் படம் வரைந்த காகிதத் தொப்பியைத் தலையில் கவிழ்த்து எரித்தார்கள். சாம்பல் ரைன் ஆற்றுக்குப் போனது.

விக்லிஃப் வழிவந்த லொல்லார்டுகள் 1414 கலகம் தோற்றபின் மறைவிடங்களில் ஒடுங்கினார்கள். ஹஸ்ஸின் ஆட்களோ வண்டிகளையே கோட்டையாக நிறுத்தி, தங்கள் மீது ஏவப்பட்ட சிலுவைப் படைகளைத் திரும்பத் திரும்ப விரட்டினார்கள். திருப்பலியில் குருமார்களுக்கு மட்டுமே என்றிருந்த திராட்சை இரசக் கிண்ணம் 1436-இல் பொஹீமியாவின் பொதுமக்களுக்கும் கிடைத்தது.