குழந்தைகளின் போன் நேரம்: ஆப் பூட்டா, வைஃபை பூட்டா, வீட்டு விதியா?

பிள்ளையின் போன் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலான பெற்றோர் முதலில் தேடுவது ஓர் ஆப்பைத்தான். கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017இலும், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம் 2018இலும் வந்தன. இரண்டுக்கும் காசு கிடையாது. தினசரி நேர வரம்பு, தூங்கும் நேரத்தில் பூட்டு, புதிய ஆப் போடப் பெற்றோர் அனுமதி எல்லாம் இரண்டிலும் உண்டு.

வித்தியாசம் பெற்றோர் கையில் என்ன போன் இருக்கிறது என்பதில் தொடங்குகிறது. அம்மாவிடம் ஐபோன் இருந்தாலும் பிள்ளையின் ஆண்ட்ராய்டு டேப்லெட்டை ஃபேமிலி லிங்க் வழியாகக் கவனித்துக்கொள்ளலாம். ஆப்பிளில் தூரத்திலிருந்து மாற்றம் செய்யப் பெற்றோரிடமும் ஆப்பிள் கருவி வேண்டும். இல்லையென்றால் பிள்ளையின் ஐபேடிலேயே தனி பாஸ்கோடு போட்டு அமைக்க வேண்டியதுதான். அந்த எண்ணைப் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அழுத்தாதீர்கள். ஒரே தடவையில் மனப்பாடம் ஆகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், "நாளுக்கு இவ்வளவு" என்ற மொத்த வரம்பை மட்டும் நம்ப வேண்டாம் என்பேன். அதில் கதை படிப்பதும் படம் வரைவதும் குறும்வீடியோ பார்ப்பதும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. நேரம் குறைவு என்று தெரிந்தால் பிள்ளை முதலில் கைவிடுவது கதையைத்தான். வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் மட்டும் ஆப் வாரியாக வரம்பு வையுங்கள். படிக்கும் ஆப்பை எப்போதும் திறந்திருக்க விடலாம். யூடியூப் ஆப்பைப் பூட்டினால் பிரவுசரில் தேடிப் போவார்கள், அங்கேயும் ஒரு கண் வேண்டும்.

வைஃபை ரூட்டரில் இணையம் நிற்கும் நேரத்தைக் குறித்து வைப்பது சுலபமான வழிதான். ஆனால் போனில் மொபைல் டேட்டா இருந்தால் அதற்கு வேலையே இல்லை. சிம் இல்லாத டேப்லெட்டுக்குச் சரி.

ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு இந்த ஏற்பாடெல்லாம் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 2 வயதுக்கு முன் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்த வயதில் உங்கள் போனையே கொடுத்து, ஒரே ஆப்பில் நிறுத்தி வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஆப்பை 'பின்' செய்யும் வசதியும், ஐபோனில் கைடட் ஆக்சஸும் அதற்குத்தான் இருக்கின்றன. ஒன்று முடிந்ததும் அடுத்த வீடியோ தானாக ஓடும் ஆட்டோபிளேயை மறக்காமல் அணைத்துவிடுங்கள். பாதிக் கதையில் திரை அணைந்தால் குழந்தை அழத்தான் செய்யும். அதன் இடத்தில் நாம் இருந்தாலும் கோபம் வரும். "இந்தக் கதை முடிஞ்சதும் போதும்" என்று முன்கூட்டியே சொல்லி, கதை முடிந்ததும் வாங்கி வைப்பது டைமரைவிட நன்றாக வேலை செய்யும்.

பதின்ம வயதில் ஆப் பூட்டின் பலம் குறைகிறது. என்ன பார்க்கிறான், எங்கே இருக்கிறாள் என்று ஒவ்வொரு நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை பெற்றோரிடம் சொல்வதை நிறுத்திவிடும். ஆன்லைனில் யாராவது மிரட்டினால் முதலில் நம்மிடம் ஓடி வர வேண்டும். அந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தி என்ன பயன்? இந்த வயதில் என் ஓட்டு வீட்டு விதிக்கே. பிள்ளையும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட இரண்டு மூன்று விதிகள் போதும்: சாப்பிடும்போது போன் இல்லை, புது ஆளிடம் படம் அனுப்புவதில்லை, இரவில் எல்லா போனும் ஹாலில் சார்ஜ் ஆகும்.

மூன்றில் ஒன்றுதான் முடியும் என்றால் கடைசி விதியை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையறையில் போன் இல்லாவிட்டாலே நள்ளிரவு அரட்டையும் முடிவில்லாத வீடியோவும் நின்றுவிடும், தூக்கம் மிஞ்சும். அப்பா அம்மாவின் போனும் அங்கேயேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரம்கூட அந்த விதி தாங்காது. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்று சொன்னால் ஓர் அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடலாம்.