மூன்று வருஷம் கழித்து ஒரு மலிவு சிபிஎல் பில்டர்

லென்ஸைவிட்டு வர மறுத்த பில்டரைப் போன வாரம் கடையில் அறுத்தே எடுத்தார்கள். அதே நாள் சாயந்திரம் தண்டையார்பேட்டை நண்பன் போன் செய்து, "குறைஞ்ச விலையில நல்ல சிபிஎல் எதுடா?" என்று கேட்டான். சிபிஎல் என்றால் லென்ஸ் முன்னால் மாட்டிச் சுற்றி, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டர். அவனுக்காகத்தான் இது.

என்னுடையது 67 எம்எம் விட்டம், மல்டி கோட்டிங் (கண்ணாடியில் பல அடுக்குப் பூச்சு), வாங்கியது 1,150 ரூபாய்க்கு. மூன்று வருஷமும் பெரும்பாலும் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில்தான் வேலை. கண்ணாடியைக் குறை சொல்ல வாய் வராது. காலையில் சூரியன் இருக்கும் கிழக்குப் பக்கம் வைத்தால் இது ஒன்றும் செய்யாது. திருவொற்றியூர் பக்கமாக வடக்கே திரும்பி, முன்வளையத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும். வானத்தின் நீலம் அடர்ந்துகொண்டே வரும். படகுகளுக்கு நடுவே தண்ணீர்மேல் கிடக்கும் பளபளப்பு விலகி, பாசி பிடித்த கயிறு உள்ளே இறங்குவது தெரியும். எடுத்த படத்தில் பிறகு எப்படித் தட்டிக்கொட்டினாலும் அந்தக் கயிறு வராது.

தொல்லையெல்லாம் வளையத்தில். சிபிஎல் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). விடியுமுன் மீன் ஏலத்தை எடுக்க அதைக் கழற்றியாக வேண்டும். வெயில் வந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். வளையமும் அலுமினியம், என் லென்ஸின் மரையும் அலுமினியம். நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் மாட்டியபடியே பீரோவில் வைத்துவிட்டேன். ஜூன் 15 அன்று திருகினால் அசையவில்லை. ரப்பர் பேண்ட் சுற்றியும் பார்த்தாயிற்று. சிபிஎல்லில் முன்வளையம் சும்மா சுழலும்; பிடிக்கக் கிடைப்பது பின்னால் நகக்கண் அளவு விளிம்புதான். அதையும் அழுத்திப் பிடித்தால் வட்டம் நெளிந்து இன்னும் இறுகுகிறது. கூலி 600 ரூபாய், லென்ஸ் மரையில் ஒரு வெட்டு. அந்த வெட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சிபிஎல்லுக்குப் பதில் கோட்டிங் இல்லாத மலிவு யுவி பில்டர் பக்கமும் போகாதே. ஏலத்தில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் படத்தில் இன்னொரு போலி விளக்கு முளைக்கும்.

சரி, இந்த சிபிஎல்லை வாங்கலாமா? வேண்டாம். கண்ணாடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம் கடல்காற்றுக்கு இந்த வளையம் ஆகாது. இரண்டு மடங்கு விலையானாலும் பித்தளை வளையமாகப் பார். 67 எம்எம் ஒன்று வாங்கி, ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸில் பெரிய பில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டு உன் 58 எம்எம் லென்ஸுக்கும் மாட்டிக்கொள். அதுவரை என் பழைய 58 எம்எம் பில்டர் சும்மாதான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ. ஆனால் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் கழற்றி, ஈரத்துணியால் மரையைத் துடைத்துவிட்டு வை.