எடின்பரா ஓல்ட் டவுன்ல 'ஊர் எல்லை' டூர்: 25 பவுண்டுக்கு வொர்த்தா?

போன மாசம் நானும் வீட்டம்மாவும் ஸ்காட்லாந்து தலைநகரம் எடின்பரால ரெண்டு நாள் இருந்தோம். அங்க ஓல்ட் டவுனோட மெயின் ரோடான ராயல் மைல்ல நின்னா பத்தடிக்கு ஒருத்தர் குடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பேய் டூர், பாதாள டூர்னு ஆள் பிடிப்பாங்க, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். நான் புக் பண்ணது வேற மாதிரி, இந்த ஊர் எப்படி ஊராச்சு, கவுன்சில் எப்படி வந்துச்சு, எந்த ஊர் எந்த ஊரை அடக்கி வச்சுச்சுன்னு மட்டும் சொல்ற ஒரு குட்டி கம்பெனி, தலைக்கு 25 பவுண்டு, மூணு மணி நேரம். "ஏங்க, லீவுல வந்து முனிசிபாலிட்டி கதை கேக்கணுமா?"ன்னு அவ கேட்டா. நியாயமான கேள்விதான். கம்பெனி பேர் இங்க போடல, கடைசில கொஞ்சம் திட்டப் போறேன்.

கைடு எழுபதைத் தொட்ட மனுஷன். 1972ல பதினேழு வயசுல கவுன்சில் ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவராம். கையில லேமினேட் பண்ண பழைய மேப் ஒரு கத்தை, மழைத்தண்ணி சொட்ட சொட்ட ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுவார். முதல்லயே உச்சரிப்பு பாடம். எழுதுறது 'பர்க்', சொல்றது 'பரா', நாம இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைப் பாத்து எடின்பர்க்னு சொன்னா சிரிக்க மாட்டாரு ஆனா மெதுவா திருத்துவாரு.

அந்த 'பரா'ங்கிறதுதான் மொத்தக் கதையும், பரான்னா தனி உரிமைகள் இருக்கிற ஊர். முதலாம் டேவிட் ராஜா (1124ல இருந்து 1153 வரை ஆண்டவர்) காலத்துல பெர்விக், ராக்ஸ்பரா, எடின்பரா, ஸ்டர்லிங், பெர்த் மாதிரி ஊருக்கெல்லாம் ராயல் பரான்னு அந்தஸ்து கிடைச்சுது. வெறும் கௌரவம் இல்ல, முழுக்க வியாபாரம். வெளிநாட்டுக்கு சரக்கு அனுப்புற உரிமை இந்த ஊர் வியாபாரிகளுக்கு மட்டும்தான், பக்கத்து ஊர்க்காரன் எவ்வளவு கம்பளி வச்சிருந்தாலும் இவங்க வழியாத்தான் போகணும். 1672ல ஒரு சட்டம் வந்துதான் அந்தப் பிடி தளர்ந்துச்சு. ராஜாவுக்கு வரி, வியாபாரிக்கு ஏகபோகம், ரெண்டு பேருக்கும் லாபம், மத்தவன் வாயைப் பாத்துட்டு நிக்கணும்.

செயின்ட் கைல்ஸ் சர்ச் பக்கத்துல தரையில கல்லால பதிச்ச ஒரு இதயம் இருக்கு, போறவங்க வர்றவங்க அதுல துப்பிட்டுப் போவாங்க. நான் ஏதோ நேர்த்திக்கடன்னு நினைச்சேன். அந்த இடத்துலதான் பழைய டோல்பூத் இருந்துச்சாம், 1817ல இடிச்சாச்சு. டோல்பூத்னா பேருக்கு சுங்கம் வாங்குற இடம், ஆனா கவுன்சில் கூடுறது அங்கதான், கோர்ட்டும் அங்கதான், ஜெயிலும் அங்கதான். வரி வாங்கினவன், தீர்ப்பு சொன்னவன், பூட்டு போட்டவன் எல்லாம் ஒரே கட்டடம். துப்பாம என்ன பண்ணுவாங்க.

அங்க நின்னுக்கிட்டே ஒரு விஷயம் சொன்னார், எனக்கு இன்னும் மண்டையில ஓடுது. 1469ல ஒரு சட்டம் போட்டாங்க, பதவிக்காலம் முடிஞ்ச கவுன்சிலே அடுத்த கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கும்னு. அதாவது போறவன் வர்றவனைக் கை காட்டுவான், அடுத்த வருஷம் அவன் இவனைக் கை காட்டுவான். இது 1833 வரைக்கும் ஓடிருக்கு! அதுலயும் பார்லிமென்ட்டுக்கு எடின்பரா எம்.பி.யைத் தேர்ந்தெடுக்க ஓட்டு எத்தனை பேருக்குன்னு கேட்டார், எங்க குரூப்ல ஒருத்தர் அஞ்சாயிரம்னாரு, இன்னொருத்தர் ஐநூறுன்னாரு. 33. அந்த 33 கவுன்சில்காரங்க மட்டும்தான். 1833ல சீர்திருத்தம் வந்து பத்து பவுண்டு மதிப்புள்ள வீடு வச்சிருந்தவங்களுக்கு கவுன்சில் ஓட்டு கிடைச்சப்போ கஜானாவைத் திறந்து பாத்தா எடின்பரா நகரமே திவால், லீத் துறைமுகத்துக்காக வாங்கின கடன்தான் முக்கியக் காரணம். இந்த லீத் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

அங்கிருந்து பழைய பார்லிமென்ட் ஹவுஸ், 1639ல கட்டி முடிச்சது. 1707ல இங்கிலாந்தோட யூனியன் ஆகுற வரைக்கும் ஸ்காட்லாந்து பார்லிமென்ட் கூடின இடம், இப்போ கோர்ட். உள்ள மரக்கூரை பிரமாதமா இருக்குமாம். 'இருக்குமாம்'னு ஏன் சொல்றேன்னா நாங்க போனது ஞாயித்துக்கிழமை, மூடிட்டாங்க. டூரே வார இறுதியில மட்டும்தான் நடத்துறாங்க, அப்புறம் வெப்சைட்ல அந்தக் கூரை போட்டோவைப் பெருசா போட்டு வச்சா எப்படிங்க?

அப்படியே கீழ இறங்கினா ட்ரான் கிர்க் சர்ச், ட்ரான்னா எடைக்கோல். ஊர்ச் சந்தையில எடை போடுற இடம், ஏமாத்துனவனை அதுலயே காதுல ஆணி அடிச்சு நிறுத்துவாங்களாம்.

இனிமேதான் டூரோட நல்ல பகுதி. வேர்ல்ட்ஸ் எண்ட்னு ஒரு பப் இருக்கு, அது வாசல்ல ரோட்டுல பித்தளைக் கட்டைங்க பதிச்சிருக்கும், டாக்ஸி ஏறி ஏறி பளபளன்னு தேஞ்சு கிடக்கு. நெதர்பவ்ங்கிற கோட்டை வாசல் நின்ன அடையாளம் அது, 1764ல இடிச்சது. எடின்பரா ஊர் அங்க முடிஞ்சிருச்சு, அந்த ஊர்க்காரனுக்கு உலகமே அங்க முடிஞ்சிருச்சு, அதான் பேரே அப்படி. அதே ரோடு, அதே சரிவு, ஆனா கட்டையைத் தாண்டினா கேனன்கேட், வேற ஊர், ஹோலிரூட் மடத்துச் சாமியாருங்களோட ஊர், தனி டோல்பூத் (1591ல கட்டினது, கடிகாரத்தோட இன்னும் கம்பீரமா நிக்குது). 1856ல தான் எடின்பராவோட சேந்துச்சு. வீட்டம்மா ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் வச்சு போட்டோ எடுக்கச் சொன்னா, பின்னாடி பஸ் ஹார்ன் அடிச்சான்.

ரோட்டு முடிவுல புது பார்லிமென்ட். ஸ்காட்லாந்துக்குத் தனி பார்லிமென்ட் வேணுமான்னு 1997ல ஓட்டெடுப்பு, 1999ல பார்லிமென்ட் திரும்ப வந்துச்சு, கட்டடம் 2004ல தான் திறந்தாங்க. 10ல இருந்து 40 மில்லியன் பவுண்டுக்குள்ள முடியும்னு சொன்னது 414 மில்லியன்ல போய் நின்னுச்சு. டிசைன் பண்ண மிராயேஸ் பாதி வேலையிலேயே 2000ல இறந்துட்டார். இங்க கைடு அஞ்சே நிமிஷம்தான் நின்னார், அவருக்கு இதுல இன்ட்ரஸ்ட் இல்லன்னு முகத்துலயே தெரிஞ்சுது. இது ஒரு குறைதான், நிறைய பேர் இதுக்காகத்தான் வந்திருந்தாங்க.

அவருக்குப் பிடிச்சது எதிர்ல தரையில. அபே ஸ்ட்ராண்ட்ங்கிற இடத்துல பித்தளையில 'எஸ்' எழுத்துங்க பதிச்சிருக்கும். கடன்காரன் துரத்துனா ஓடி வந்து அந்த எழுத்தைத் தாண்டிட்டா போதும், மடத்து எல்லை, பிடிக்க முடியாது. உள்ளயே வீடு வாடகைக்கு எடுத்து வருஷக்கணக்குல இருப்பாங்களாம். ஞாயித்துக்கிழமை மட்டும் கைது கிடையாது, அதனால அன்னைக்கு வெளிய போய் சுத்திட்டு ராத்திரி பன்னெண்டுக்குள்ள திரும்பிடணும். கடனுக்காக ஜெயில்ல போடுறதையே 1880ல எடுத்துட்டாங்க, அதோட இந்தக் கோட்டுக்கும் வேலை போச்சு.

கடைசி ஸ்டாப் லீத் வாக், எடின்பரால இருந்து லீத்துக்குப் போற ரோடு. இதுக்கு டிராம்ல போகணும்னு அங்க வந்துதான் சொல்றாங்க, டிக்கெட் நம்ம காசு. அதுவும் பிக்கார்டி பிளேஸ் வரைக்கும் நடக்க வச்சுட்டு மெக்டொனால்ட் ரோடு வரைக்கும் ஒரே ஒரு ஸ்டாப்! ஆனா போனதும் கோபம் பாதி போயிருச்சு. பில்ரிக் சர்ச் பக்கத்துல நின்னு பேசினார் பாருங்க, அதுக்கே இருபது பவுண்டு குடுக்கலாம். லீத் எடின்பராவோட துறைமுகம், 1329லயே ராபர்ட் புரூஸ் ராஜா அதை எடின்பராவுக்கு எழுதிக் குடுத்துட்டார். லீத்துக்குன்னு சொந்தமா டவுன் கவுன்சில் கிடைச்சது 1833ல தான். கிடைச்சதும் விடுவாங்களா? 1905லயே லீத்ல எலக்ட்ரிக் டிராம் ஓட விட்டாங்க, எடின்பராலயோ ரோட்டுக்கடியில கயிறு இழுத்து ஓட்டுற கேபிள் டிராம். ரெண்டும் சேராது. அதனால லீத் வாக்ல போறவன் எல்லாம் ரெண்டு ஊருக்கும் எல்லையான இந்த பில்ரிக்ல இறங்கி, மழையில நின்னு, வேற டிராம் ஏறணும், 1922 வரைக்கும் இதே கூத்து. நடுவுல 1920ல ரெண்டு ஊரையும் சேத்துட்டாங்க, லீத் ஜனங்க ஓட்டெடுப்புல பெருவாரியா வேண்டாம்னு சொல்லியும். எல்லைக்கோட்டு மேலயே இருந்த ஒரு பப்ல லீத் பக்கம் மூடுற நேரமும் எடின்பரா பக்கம் மூடுற நேரமும் வேற வேறன்னும், நேரமானா குடிகாரங்க கிளாஸைத் தூக்கிட்டு அடுத்த பக்கம் நகந்துடுவாங்கன்னும் சொன்னார்.

அப்போ ஒரு அம்மா கேட்டாங்க, இப்போ இந்தப் பராவெல்லாம் எங்கன்னு. 1975 மே 16, ஒரே நாள்ல எல்லாத்தையும் எடுத்துட்டாங்கன்னார். அதுக்குப் பதிலா 9 ரீஜன், 53 டிஸ்ட்ரிக்ட், 3 தீவுக் கவுன்சில். அதுவும் நிக்கல, 1996 ஏப்ரல் 1ல அதையும் கலைச்சு 32 கவுன்சில். "நான் உக்காந்த மேஜை அதே மேஜை, லெட்டர்ஹெட் மட்டும் ரெண்டு தடவை மாறுச்சு, பழைய பேப்பரை பின்பக்கம் எழுத வச்சுக்கிட்டோம்"னார்.

குறைன்னா, 12 பேர்னு சொல்லிட்டு 23 பேரை ஏத்துனாங்க, பின்னாடி நின்னவங்களுக்கு பாதி கேக்கல, காதுல மாட்டக் குடுத்த ஹெட்செட் மழை பட்டதும் கரகரன்னுச்சு. நாங்க முண்டியடிச்சு முன்னாடி நின்னதால தப்பிச்சோம். போறதா இருந்தா நல்ல ஷூ போட்டுக்கோங்க, அந்தக் கருங்கல் ரோடு மழையில வழுக்கும். டிராம் டிக்கெட்டை பிளாட்பாரத்து மெஷின்லயே எடுத்துருங்க. அஞ்சுக்கு மூணரை. அந்த அரை கைடுக்காக.

டிராம் காசைத் திருப்பித் தர்றோம்னு மெயில் போட்டாங்க. மூணு வாரம் ஆச்சு, வரல.