வீட்டுக்குள்ள ஹெர்ப் வளக்குற கிட்: லைட்டுக்காக வாங்கலாம், விதை பேக்குக்காக வேணாம்

மண்ணே இல்லாம தண்ணில வளக்குற டைப் கிட் இது, கீழ டேங்க், மேல ஆறு ஓட்டை, தலைக்கு மேல ஒரு எல்இடி லைட்டு, உள்ள குட்டியா ஒரு பம்ப்பு. வாங்குனதுல இருந்து ஓடிட்டுதான் இருக்கு, ரிப்பேர்னு எதுவும் வரல.

முதல்ல நல்லத சொல்லிடுறேன், லைட்டு செம. ஜன்னலோரம் வெச்ச பேசில் (துளசி ஜாதி சமையல் இலை) செத்துலாம் போகாது, ஆனா தண்டு மட்டும் நெட்டையா வளந்து இலை சிறுத்து கண்ணாடி பக்கமா சாஞ்சு நிக்கும், சமைக்க கிள்ளுனா நாலு இலைகூட தேறாது. இதுல டைமர் 16 மணி நேரம் எரிஞ்சு 8 மணி நேரம் அணையுது, செடி குட்டையா அடர்த்தியா வருது, கணுவுக்கு கணு இடைவெளியே கம்மி. லைட்ட மேல கீழ நகத்தலாம், செடிய தொடாத அளவுக்கு எவ்ளோ கிட்ட வைக்க முடியுமோ அவ்ளோ கிட்ட வைங்க, தள்ளிப் போகப் போக வெளிச்சம் சட்டுனு கொறஞ்சிடும்.

கடுப்பு என்னன்னா கூட வர்ற விதை பேக்குதான். பேசில், புதினா, கொத்தமல்லி, பார்ஸ்லி, தைம், ரோஸ்மேரின்னு ஆறையும் ஒரே டேங்க்ல போடச் சொல்றாங்க, அட்டைல போட்டோவும் ஆறும் ஒரே உயரத்துல நிக்குற மாதிரி. யாருங்க இத யோசிச்சது? ரோஸ்மேரியும் தைமும் வேர் காஞ்சு காஞ்சு நனையணும்னு கேக்குற ஜாதி, அதுலயும் ரோஸ்மேரி விதைல இருந்து முளைக்கவே ரொம்ப சோம்பல். அது கண்ணு தொறக்குறதுக்குள்ள பேசில் லைட்ட முட்டிடும், கீழ புதினா வேர் டேங்க் முழுக்க பரவி பம்ப்பு வாய்ல போய் சுத்திக்கும். கர்ருனு சத்தம் கேட்டு மூடிய தொறந்தா வெள்ளை வெள்ளையா நூல் உருண்டை கணக்கா ஒரு கொத்து வேர், கத்தரிக்கோல் வெச்சு வெட்டித்தான் எடுக்கணும்.

கொத்தமல்லிக்கு இதுல ஒரு ஓட்டை வேஸ்ட்டுன்னுதான் சொல்வேன். ஒருதரம் ஒட்ட அறுத்துட்டா பேசில் மாதிரி திரும்பத் திரும்ப தழைக்காது, சூடு ஏறுனா உடனே பூ விட ஆரம்பிச்சிடும். போட்டே ஆகணும்னா முழு மல்லிய லேசா நசுக்கி ரெண்டா ஒடச்சு போடுங்க, ஒரு உருண்டைக்குள்ள ரெண்டு விதை இருக்கு.

உரம் 'ஏ', 'பி'னு ரெண்டு பாட்டில்ல வருது. ரெண்டையும் நேரா ஒண்ணா ஊத்திக் கலந்துடாதீங்க, கால்சியம் வெள்ளையா படிஞ்சு கீழ ஒக்காந்துக்கும், செடிக்கு போய் சேராது. டேங்க்ல தண்ணி ஊத்திட்டு ஒண்ணு விட்டு கலக்கி அப்புறம் இன்னொண்ணு. மேனுவல்ல தண்ணி கொறைய கொறைய ஊத்துனா போதும்னு இருக்கு, என்னைக் கேட்டா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா மொத்தமா மாத்துறதுதான் நல்லது. செடி இல்லாத ஓட்டைய அலுமினிய ஃபாயில் வெச்சு அடைச்சிடுங்க, வெளிச்சம் உள்ள போனா பச்சைப் பாசி பிடிச்சு நாத்தம் வரும். இதுக்கு மூடி ஒண்ணு கூடவே குடுத்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்?

அறுவடைக்கு அடியில இருக்குற பெரிய இலையா பறிக்காம நுனிய கணுவுக்கு மேல வெட்டுங்க, ஒரு தண்டு ரெண்டா பிரியும்.

பேசில், புதினா அடிக்கடி யூஸ் பண்றவங்கன்னா தாராளமா வாங்கலாம், அஞ்சுக்கு மூணரை ஸ்டார். தீந்ததும் திரும்ப வாங்குற விதை ரீஃபில் பேக் மட்டும் வேணாம், ஓட்டைல விதை வைக்கிற வெறும் ஸ்பாஞ்ச் தனியா கிடைக்குது, விதை நம்மளே போட்டுக்கலாம். புதினாவுக்கு அதுகூட தேவையில்ல, ஒரு தண்ட தண்ணில போட்டு வெச்சாலே வேர் விட்டுடும். ரோஸ்மேரி, தைம் வேணும்னா நாத்தா வாங்கி மணல் கலந்த மண்ணுல தனி தொட்டில வெச்சு இதே லைட்டுக்குப் பக்கத்துல நகத்தி வைங்க.