ஏரியடிப் பாதரசம்: அள்ளுவதா, மூடுவதா?

நியூயார்க் மாநிலத்தின் ஒனொன்டாகா ஏரியில் ரசாயன ஆலை வெளியேற்றிய பாதரசம் அடிவண்டலில் தங்கிப்போனது. 1970இல் அங்கே மீன்பிடிக்கவே தடை வந்தது. இப்படிப்பட்ட வண்டலுக்கு முக்கியமான வழிகள் இரண்டு.

தூர்வாரினால் நஞ்சு ஏரியை விட்டே போகும். ஆனால் கிளறும்போது துகள்கள் நீரில் கலக்கும், அள்ளிய சேற்றைப் பத்திரமாகக் கொட்ட இடமும் வேண்டும். செலவும் அதிகம்.

மணலும் சரளையும் பரப்பி மூடினால் செலவும் கிளறலும் குறைவு. சரி, பாதரசம்? அது அங்கேயேதான் இருக்கும். அலையோ வெள்ளமோ அந்தப் போர்வையை அரித்துவிடாமல் பல்லாண்டு கண்காணிக்க வேண்டும்.

ஒனொன்டாகாவில் இரண்டையும் செய்தார்கள். 2012 முதல் 2014 வரை சுமார் 17 லட்சம் கன மீட்டர் அள்ளினார்கள்; மூடும் பணி 2016இல் முடிந்தது. ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். மீனில் சேர்ந்து, உண்பவரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குவது அதுதான். அதைத் தடுக்க ஆழ்நீரில் நைட்ரேட்டும் செலுத்தினார்கள்.

என்னைக் கேட்டால், நீரோட்டமும் அரிப்பும் உள்ள இடத்தில் அள்ளுவதே சரி. அசைவில்லாத ஆழத்தில் மூடலாம், அதுவும் கண்காணிப்புக்கான பணத்தை முன்பே ஒதுக்கிவிட்டு.